ஒரு பைசாத் தாளும் ஒரு பதிவேட்டுக் கட்டமும்

கர்நாடகத்தில் 2025 மே 5ஆம் தேதி பட்டியல் சாதியினரைக் குறித்த வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி எச்.என். நாகமோகன் தாஸ் தலைமையிலான ஆணையம், மாநிலப் பட்டியலில் உள்ள 101 சாதிகளில் யார் எத்தனை பேர் என்று அறிய விரும்பியது. உள் ஒதுக்கீட்டைப் பிரிப்பதற்கு அந்தக் கணக்குதான் அடிப்படை. காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளி போன்ற, தமிழ் புழங்கும் கிழக்குப் பெங்களூர்ப் பகுதிகளில் இந்த எளிய கேள்விக்குள் ஒரு நூற்றாண்டுச் சிக்கல் இருந்தது. தாத்தா காலத்திலிருந்து சாதிச் சான்றிதழில் இருப்பது ‘ஆதி திராவிடர்’. வீட்டுக்காரர் அதையே சொன்னால் ஆணையத்துக்கு அது பாதி விடைதான். ‘ஆதி கர்நாடகர்’, ‘ஆதி திராவிடர்’, ‘ஆதி ஆந்திரர்’ ஆகிய மூன்றும் பல சாதிகள் ஒரே குடையின் கீழ் நின்ற பெயர்கள். அந்தக் குடைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதே ஆணையத்தின் கேள்வி.

பதிவேட்டில் இன்று இடைஞ்சலாகத் தெரியும் இந்தப் பெயர் ஒரு காலத்தில் விடுதலைக் கோரிக்கை. இழிவுப் பெயர்களால் எங்களை அழைக்காதீர்கள், நாங்கள் இந்த மண்ணின் ஆதி மக்கள் என்ற எண்ணம் சிலருடைய மனத்தில் பிறந்து, தாளில் அச்சாகி, சட்டமன்றத்தில் தீர்மானமாகி, அரசாணையாகி, பிறகு எண்ணற்ற சான்றிதழ்களில் இறங்கியது. சென்னை சட்டமன்றத்தில் 1922இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானம் அந்தப் பயணத்தின் நடுவழி. அதன் தொடக்கத்தைத் தேடினால் இராயப்பேட்டையில் சித்த வைத்தியம் பார்த்துவந்த அயோத்திதாசர் என்ற பண்டிதரிடம் போய் நிற்போம். அவருடைய எண்ணம் மிக ஆழமாக வேர்விட்ட இடங்களில் ஒன்று, ஜீவனஹள்ளியிலிருந்து ரயிலேறிப் போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது.

தனிமனித எண்ணம் சமூகத்தை மாற்றும் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எண்ணம் எந்தச் சாலையில் நடந்தது, யார் அதைச் சுமந்தார்கள், யாரைச் சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போனது என்பவற்றைச் சொல்வதில்லை. அயோத்திதாசரின் எண்ணத்தை அந்தச் சாலையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காத்தவராயன் கேட்ட கேள்வி

1845 மே 20இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியர் வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். கந்தப்பன் கொடுத்த திருக்குறள் ஓலைச் சுவடிகள் தமிழறிந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் கைக்குப் போய் அச்சேற உதவின என்று பேரன் பின்னாளில் எழுதினார். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய குடும்பத்தின் பரணில் தமிழின் தலைநூல் கிடந்தது என்ற செய்தி, அயோத்திதாசருக்குக் குடும்பப் பெருமையாக மட்டும் இருக்கவில்லை. அறிவு எங்களிடம் இருந்திருக்கிறதென்றால் இழிவு எப்போது வந்தது, யாரால் வந்தது என்ற கேள்வியை அது எழுப்பியது.

அந்தக் கேள்வியோடு அவர் முதலில் போனது அரசியல் அவைகளுக்குத்தான். 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டிப் பத்துக் கோரிக்கைகளை முன்வைத்தார். அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், விஷ்ணுவும் சிவனும் எல்லோருக்கும் பொதுவென்றால் எங்களை ஏன் கோயிலுக்குள் விடுவதில்லை என்று கேட்டார். உங்களுக்கென்று மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணசாமியும் இருக்கிறார்கள் என்ற பொருளில் அவையில் பதில் வந்தது. அதை அவரே எழுதிவைத்திருக்கிறார். இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கேட்ட கோரிக்கைகளுக்கு அங்கே ஆதரவு கிடைத்தது. கோயில் வாசல் மட்டும் திறக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1898இல், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குப் போய் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அடைத்த கதவைத் தட்டுவதை விட்டுவிட்டு, அது யாருடைய வீடு என்ற கேள்விக்கு அவர் வந்திருந்தார். இன்று பறையர் என்று ஒதுக்கப்படுகிறவர்கள் ஒரு காலத்தில் பௌத்தர்கள். பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது அதைக் கைவிட மறுத்தவர்கள் தாழ்த்தப்பட்டார்கள். ஆகவே அவர்கள் புதிதாக மதம் மாறவில்லை, தங்கள் பழைய வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அவருடைய மைய எண்ணம் இதுதான். ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்பது அவர் விரும்பிய பெயர்.

இந்த எண்ணத்தின் விசை அது செய்த தலைகீழாக்கத்தில் இருந்தது. அதுவரை சீர்திருத்தக்காரர்கள் பேசியதெல்லாம் தாழ்ந்தவரை உயர்த்துவது பற்றித்தான். உயர்த்தும் கை மேலேதான் இருக்கும். அயோத்திதாசரின் கதையில் உயர்த்துகிறவருக்கு வேலையே இல்லை. தாழ்த்தப்பட்டவர் வரலாற்றின் கடனாளி அல்ல. வரலாறு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

காலணாவின் கணக்கு

இந்த எண்ணம் சொற்பொழிவுகளோடு நின்றிருந்தால் இராயப்பேட்டையைத் தாண்டியிருக்காது. 1907 ஜூன் 19, புதன்கிழமை, ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. நான்கு பக்க வார இதழ். விலை காலணா, அதாவது ரூபாயில் 64இல் ஒரு பங்கு. ஓராண்டுக்குப் பிறகு பெயரிலிருந்து ‘ஒரு பைசா’ போய்த் ‘தமிழன்’ ஆயிற்று.

விலையைப் பெயராகவே வைத்ததில் ஒரு கணக்கு இருந்தது. தாள் யாருடைய சட்டைப்பைக்கானது என்பதைத் தலைப்பே அறிவித்துவிட்டது. உள்ளே வரலாறும் சித்த மருத்துவமும் நாட்டு நடப்பும் இருந்தன; குறளுக்கும் பண்டிகைகளுக்கும் பௌத்த விளக்கங்கள் இருந்தன. வாசகர் அனுப்பும் ஐயங்களுக்கு ஆசிரியர் விடை எழுதினார். இந்த இரு வழிப் போக்குவரத்து முக்கியமானது. எண்ணம் ஒருவருடையதாகத் தொடங்கினாலும், கேள்வி கேட்டு எழுதிய ஒவ்வொரு வாசகரும் அதன் பங்காளி ஆனார். சென்னை, பெங்களூர், கோலார் தங்கவயல், ஹூப்ளி, செகந்திராபாத், திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் விரிந்தன. வரைபடத்தில் இந்த இடங்களைக் குறித்தால் ஒன்று புலப்படும். பெரும்பாலும் இவை தமிழ்நாட்டுக் கிராமத்தை விட்டுக் கூலிக்காகப் போனவர்கள் சென்று சேர்ந்த இடங்கள்.

தண்டும் தங்கவயலும்

பெங்களூர்த் தமிழர்கள் கன்டோன்மெண்டைத் ‘தண்டு’ என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் படை இங்கே வந்து தங்கியது. படைக்குப் பின்னால் சமையல்காரரும் குதிரைக்காரரும் கொத்தரும் தையற்காரருமாகத் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையிடமும் இங்கே அமைந்தது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகத் தண்டு வரை 1864இல் ரயில் ஓடத் தொடங்கியது. ஜீவனஹள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் பெங்களூரு கிழக்கு ரயில் நிலையம் அந்தப் பாதையில்தான் அமைந்திருக்கிறது. பௌரிங்பேட்டை என்று அன்று அழைக்கப்பட்ட பங்காருபேட்டையிலிருந்து 1894இல் மாரிக்குப்பம் வரை கிளைப்பாதை போடப்பட்டதும் தண்டும் தங்கவயலும் ஒரே கோட்டில் வந்தன.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு கோலார் சுரங்கங்கள் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை இழுத்தன. அவர்களில் பெரும்பான்மையினர் தாழ்த்தப்பட்டவர்கள். வேலை கொடியது. பின்னாளில் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கங்கள் அவை. பாறை வெடிப்பும் நுரையீரலில் தங்கும் சிலிக்காத் தூசியும் எத்தனையோ உயிர்களைக் குடித்தன. ஆனால் அங்கே பண்ணையார் இல்லை. கூலி நெல்லாக இல்லாமல் ரொக்கமாக வந்தது. ஊர்த்தெரு, சேரி என்ற பிரிவை மண்ணோடு கொண்டுவர முடியவில்லை. கம்பெனி கட்டிய லைன் வீடுகள்தான் தெரு. பள்ளிகள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த மேஸ்திரிகளும் எழுத்தர்களும் உருவானார்கள். காலணாவைத் தன் விருப்பப்படி செலவிடக்கூடியவன்தான் காலணாப் பத்திரிகையின் வாசகன் ஆக முடியும். தங்கவயலில் அவன் இருந்தான்.

மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்தச் சங்கங்கள் எழுந்தன. எம்.ஒய். முருகேசர், ஜி. அப்பாதுரையார் போன்றவர்கள் அவற்றை நடத்தினார்கள். பௌத்த முறையில் திருமணம், இறப்புச் சடங்கு, புத்தர் பிறந்தநாள் என்று வாழ்க்கையின் முக்கியமான தருணங்கள் புரோகிதர் இல்லாமல் நடந்தன. நூல்நிலையத்தில் இருக்கும் தத்துவம் மனிதரை மாற்ற நாளாகும். கல்யாணத்தை யார் நடத்துவது என்ற முடிவு ஒரே நாளில் ஒரு குடும்பத்தை மாற்றிவிடும்.

1914 மே 5இல் அயோத்திதாசர் மறைந்தார். சில காலத்துக்குப் பிறகு ‘தமிழன்’ நின்றுபோனது. எண்ணத்தின் ஆயுளை அளக்க வேண்டிய இடம் இதுதான். 1926இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ மீண்டும் வந்தது, சென்னையிலிருந்து அல்ல, தங்கவயலிலிருந்து. அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுவந்தது. இதழ்ப் பக்கங்களில் சிதறிக் கிடந்தவை முழுவதும் கரையானுக்கு இரையாகாமல் இருந்ததற்குச் சுரங்கத் தொழிலாளர்களின் சேமிப்புக்கும் சிறு சந்தாக்களுக்கும் பெரும் பங்குண்டு. ஞான. அலாய்சியஸ் 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்து வெளியிட்டபோது தமிழ் அறிவுலகம் அவரை மறுகண்டுபிடிப்பு செய்ததாகப் பேசிக்கொண்டது. தங்கவயலின் பழைய பௌத்தக் குடும்பங்கள் அவரை மறந்திருந்தால்தானே மீண்டும் கண்டுபிடிக்க வேண்டும்.

பெயர் எழுதும் கட்டம்

அயோத்திதாசர் இடைவிடாமல் எழுதிய விஷயங்களில் ஒன்று மக்கள்தொகைக் கணக்கு. 1910இல், யாரை இந்து என்று எழுதுவது என்பதற்கான அளவுகோல்களைக் கணக்கெடுப்பு ஆணையர் கெய்ட் சுற்றுக்கு விட்டார். கோயிலுக்குள் நுழைய முடியாதவர்கள், பிராமணப் புரோகிதரின் சடங்கு மறுக்கப்பட்டவர்கள் இந்துக்களா என்ற கேள்வி நாடெங்கும் புயலைக் கிளப்பியது. 1911 கணக்கெடுப்பில் தங்களைப் பௌத்தர் என்று எழுதச் சொல்லும்படி அயோத்திதாசர் தம் மக்களை வலியுறுத்தினார். அரசின் பதிவேட்டில் ஒரு சிறு கட்டம். அதில் என்ன எழுதுவது என்பதை எழுத்தர் தீர்மானிக்கக் கூடாது, எழுதப்படுகிறவர் தீர்மானிக்க வேண்டும். அவருடைய பெரிய வரலாற்றுக் கதையின் நடைமுறை வடிவம் இந்தச் சிறிய வற்புறுத்தல்தான்.

பதிவேடு எப்போதும் எளியவருக்கு எதிராகவே வந்திருக்கிறது என்பதைத் தங்கவயல் வேறு விதத்திலும் அறிந்திருந்தது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்யச் சுரங்க நிர்வாகங்கள் முற்பட்டன. குற்றவாளியிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று தொழிலாளர்கள் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் ஒன்றுகூட இல்லாத காலத்தில், சுமார் மூன்று வாரம் வேலை நின்றது. பௌத்தச் சங்கங்கள்தாம் இந்தப் போராட்டத்தை நடத்தின என்று நேர்க்கோடு போடுவது வரலாறாகாது. கூலி உயர்வுக்காக அல்லாமல் மானத்துக்காக இவ்வளவு பேர் பட்டினி கிடக்கத் துணிந்த ஊரில், ஏறக்குறைய கால் நூற்றாண்டாக அந்த மானத்தைப் பற்றிய பேச்சு நடந்துவந்தது என்பதை மட்டும் கவனிக்கலாம்.

உண்மையும் விடுபட்டவையும்

அயோத்திதாசர் எழுதியது வரலாறா? கல்வெட்டையும் தொல்லியலையும் கொண்டு சோதித்தால் அவருடைய பல முடிவுகள் நிற்காது. திருக்குறளைத் ‘திரிக்குறள்’ என்று பிரித்துத் திரிபிடகத்தோடு இணைத்ததை மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. சொல்லைப் பிளந்து பொருள் காணும் அவரது முறை சில இடங்களில் கூர்மை, சில இடங்களில் விருப்பத்தின் விளையாட்டு. ஆனால் தீண்டாமை என்பது ஆதியிலிருந்து வந்ததல்ல, ஒரு காலத்தில் ஒரு காரணத்துக்காக உண்டாக்கப்பட்டது என்ற அவரது அடிப்படை நோக்கு வலுவானது. 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலில் அம்பேத்கரும் பௌத்தத்தைக் கைவிடாத மக்களே தீண்டாமைக்கு ஆளானார்கள் என்ற கருத்தை வேறு தரவுகளோடு முன்வைத்தார். அதே 1948இல், அயோத்திதாசரோடு இயங்கிய பேராசிரியர் பி. லட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூலை அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபதிப்பு செய்தார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றதற்குத் தென்னிந்தியாவில் ஒரு முன்வரலாறு உண்டு என்பதற்கு இந்த முன்னுரையும் ஒரு சாட்சி.

வரலாற்றுப் பிழைகளைவிட வலிக்கும் குறை வேறொன்று. சாதிபேதமற்ற திராவிடர் என்று ஒரு வட்டம் போட்டபோது அந்த வட்டத்துக்கு வெளியே அவர் சிலரை நிறுத்தினார். மலம் அள்ளும் வேலைக்குள் தள்ளப்பட்டவர்களையும் சக்கிலியர், குறவர் போன்றோரையும் தம் மக்களோடு சேர்க்காமல், மெய்யாகவே தாழ்ந்த நிலையினர் என்ற வரிசையில் வைத்து எழுதினார். அருந்ததியர் எழுத்தாளர்கள் பின்னாளில் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. எங்களைத் தாழ்ந்தவர் என்று எழுதாதே என்று கேட்ட கை, மற்றொருவரின் கட்டத்தில் அதே சொல்லை எழுதியது.

இரண்டாவது எண்ணம்

அந்த விடுபட்ட இடத்திலிருந்து, அதே தங்கவயலிலிருந்து, இன்னொரு தனிமனிதரின் எண்ணம் வந்தது. பெசவாடா வில்சன் 1966இல் தங்கவயலில், தலைமுறையாகத் துப்புரவு வேலையில் இருத்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தார். படித்து முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதியப் போனபோது, தாம் கேட்காமலே துப்புரவு வேலை என்று தம் படிவத்தில் எழுதப்பட்டதை அவர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். மறுபடியும் ஒரு கட்டம். மறுபடியும் வேறொருவரின் பேனா.

இங்கே ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் முதல்வர் தேவராஜ் அர்ஸின் அமைச்சரவையில் இருந்த பி. பசவலிங்கப்பா கர்நாடகத்தில் தலையில் மலம் சுமப்பதைத் தடைசெய்திருந்தார். துணிச்சலான ஆணை அது. ஆனால் மத்திய அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கத்தின் நகரியத்தில் உலர் கழிப்பறைகள் அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் இருந்தன. மேலிருந்து இறங்கிய நல்ல எண்ணம், அதைச் சுமக்கக் கீழே ஆள் இல்லாத இடத்தில் கோப்போடு தங்கிவிட்டது.

வில்சன் கழிப்பறைகளைப் படம் பிடித்தார். நிர்வாகத்துக்கும் பிரதமருக்கும் எழுதினார். செய்தித்தாள்களில் விவகாரம் வந்தது. அந்தக் கழிப்பறைகள் நீரடிக் கழிப்பறைகளாக மாற்றப்பட்டு, அள்ளியவர்கள் வேறு வேலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1990களின் நடுவில் எஸ்.ஆர். சங்கரன், பால் திவாகர் ஆகியோரோடு சேர்ந்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உருவாயிற்று. அமைப்பு 2003இல் உச்ச நீதிமன்றம் போனபோது, எங்கள் மாநிலத்தில் மலம் அள்ளுவோர் யாரும் இல்லை என்று அரசுகள் வரிசையாகச் சொல்லின. அமைப்பு படங்களோடும் முகவரிகளோடும் தானே எடுத்த கணக்கைப் பதிலாக வைத்தது. அரசு எண்ண மறுத்தவர்களை அவர்களே எண்ணிக் காட்டினார்கள். 2013இல் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 தீர்ப்பு, 1993 முதல் சாக்கடைகளில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2016இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது. சாவுகள் நின்றுவிடவில்லை. ஆனால் தற்செயலான விபத்து என்று மூடப்பட்ட கோப்பு இன்று சட்ட மீறல் என்ற தலைப்பில் திறக்கப்படுகிறது.

பேனா யார் கையில்

இந்த இரண்டு எண்ணங்களையும் அருகருகே வைத்தால், தனிமனித எண்ணம் எப்போது சமூக விசையாகிறது என்பதற்குச் சில விடைகள் கிடைக்கின்றன. சுயமாகச் சம்பாதிக்கும் கையும் கூடிப் பேச ஓரிடமும் உள்ள மக்களிடம் அது போய்ச் சேர வேண்டும். பெரிய கதை, கல்யாணம், பெயர், படிவம், கழிப்பறை என்று கைக்கு எட்டும் ஏதோ ஒன்றாகச் சுருங்க வேண்டும். உருவாக்கியவர் போன பிறகு அதை அச்சடிக்கவும் எண்ணவும் வழக்காடவும் வேறு கைகள் வேண்டும். இவை இல்லாத சிறந்த எண்ணங்கள் எத்தனையோ பிறந்த வீட்டிலேயே மடிந்திருக்கும்; நமக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது.

வெற்றிபெற்ற எண்ணத்துக்கும் ஒரு விலை உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை பௌத்தரை ஏற்கவில்லை. 1990இல்தான் அது திருத்தப்பட்டது. அதாவது, அயோத்திதாசர் சொன்னபடி கட்டத்தில் பௌத்தர் என்று எழுதிய குடும்பம் நாற்பது ஆண்டுகள் அதற்குக் கல்வியாலும் வேலையாலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுச் சுவரில் புத்தர் படம் இருக்க, சான்றிதழில் இந்து ஆதி திராவிடர் என்று எழுதிய குடும்பங்களைக் கோழைகள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

நாகமோகன் தாஸ் ஆணையம் 2025 ஆகஸ்ட் 4இல் அறிக்கையைக் கொடுத்தது. அதே மாதம் 19ஆம் தேதி அமைச்சரவை 17 சதவீத ஒதுக்கீட்டை 6, 6, 5 என்று மூன்றாகப் பிரித்தது. சாதியை அழிக்கவென்று நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட குடைப்பெயரைப் பிரித்து, உள்ளே யார் நனைந்தார்கள் என்று பார்க்கும் வேலை அது. அயோத்திதாசரின் வட்டத்துக்கு வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்பதும் அவர் கேட்டதையே: எங்கள் கட்டத்தில் நாங்கள் எழுத வேண்டும்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. ஜீவனஹள்ளியின் ஏதோ ஒரு படிக்கட்டில் கணக்கெடுப்பாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து மதம், சாதி, தாய்மொழி என்று கேட்பார். உள்ளேயிருந்து வரும் பதில் சில நொடி தாமதிக்கலாம். அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும். அவர் அந்த நொடிகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.